இருபத்து நான்காம் தேதித் தூறல்

ஆஷ்கோம் கிராமம், டெவன்
6 ஆகஸ்ட் 1976

அன்புள்ள ஹேசலுக்கு,

மாமா எழுதுவது. நாலு மைல் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிற மனிதன் இங்கிலாந்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால்காரர் ஆர்தர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் பெர்சி, குன்று ஏறினா ஒரு மணி நேரம். நேராப் போய்ச் சொல்லிட்டு ஒரு டீயும் குடிச்சிட்டு வரலாமே?" என்றார். "வரலாம்தான். போன தடவை என் அக்கா மக கையில முட்டைக் கூடை இருந்துச்சு. இந்தத் தடவை என்ன இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். அவர் உறையைப் பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிரௌஸ் அம்மா கடையில், அத்தனை பேர் நடுவில், "மாமா, உங்க மழைமானி பொய் சொல்லுதா, இல்ல நீங்க பொய் சொல்றீங்களா?" என்று நீ கேட்டாய். அதற்கு நான் கோபப்படவில்லை. வேறொருவனாக இருந்தால் பட்டிருப்பான். நான் முப்பத்தோரு வருஷம் இந்த ஜில்லாவின் ரோடு எல்லாம் ரோலர் ஓட்டிச் சமன் செய்தவன். மேடு பள்ளம் எனக்குப் பழக்கம்.

ஆனாலும் ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். என் தோட்டத்தில் நிற்பது சாதாரண டப்பா இல்லை. வானிலை அலுவலகம் கொடுத்த செம்பு மழைமானி. பதினொரு வருஷமாகத் தினம் காலை ஒன்பது மணிக்கு அதைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்து எழுதுகிறேன். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்தபோதும், உன் அத்தையை அடக்கம் செய்த காலையிலும் எழுதினேன். என் அட்டைகளைப் பார்த்து அலுவலகத்தில் ஒருவர், "லஸ்கோம் எழுதுகிற குறிப்புகளைப் படித்தால் நனைந்த மாதிரியே இருக்கிறது" என்றாராம். குறைந்தபட்சம் ஒருவர் அப்படிச் சொன்னார். ஒருவேளை இரண்டு பேர்.

தண்ணீர் லாரிகள் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஜில்லாவில் பட்டியல் போட்டார்கள். ஆஷ்கோமும் மேலே உங்கள் குன்றுப் பண்ணைகளும் அதில் இல்லை. காரணம், ஜூலை 24 அன்று என் அட்டையில் 0.4 என்று இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும், கண்ணு? பெய்தது. விடியலில், பட்டு உதறினாற்போல ஒரு தூறல். என் அவரைப் பந்தலில் ஒவ்வோர் இலையும் தலையாட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்லை. மழைக்கு அப்படி ஒரு குணம் உண்டு, விருப்பப்பட்டவர் வீட்டுக்குத்தான் வரும்.

கோபம் தணிந்ததும் ஒரு வரி எழுது.

உன் மாமா,
பெர்சி லஸ்கோம்


குன்றுப் பண்ணை
8 ஆகஸ்ட்

மாமாவுக்கு,

எனக்கு எழுத நேரமில்லை. ஒரே ஒரு கேள்வி. இருபத்து நான்காம் தேதி மழை பெய்ததா?

நாங்கள் அன்று விடியலில் கொட்டகையில்தான் இருந்தோம், நானும் மாமனார் ஆமோஸும். உங்கள் கூரை இங்கிருந்து தெரியும். வானத்தில் ஒரு நூல் மேகம் இல்லை.

ஊற்று நின்று பன்னிரண்டு நாள் ஆகிறது. முப்பத்தோரு மாடு. ஒரு மாடு ஒரு நாளைக்கு ஒரு பால் கேன் நிறையக் குடிக்கும். டிராக்டரில் ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கி நான் கொண்டு வருவது பதினாலு கேன். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெய்ததா, இல்லையா?

ஹேசல்


ஆஷ்கோம்
10 ஆகஸ்ட்

அன்புள்ள ஹேசல்,

கேள்வி கேட்பதில் நீ உன் அம்மாவேதான். அவளும் இப்படித்தான், கையில் கரண்டியோடு நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்.

உனக்கு முதலில் ஒன்றை விளக்குகிறேன். நான் பன்னிரண்டு வயதில் பள்ளியை முடித்தவன் என்றாலும், அதற்குப் பிறகு படித்ததுதான் அதிகம். வறட்சி என்கிற சொல்லை ஆளாளுக்கு வாயில் போட்டு மெல்லுகிறார்கள். இங்கே சாராயக்கடையில் சைடர் பீப்பாய் காலியானால் "வறட்சி வந்திருச்சுடா" என்கிறார்கள். பிரௌஸ் அம்மா இரண்டு வருஷமாக ஊரில் கல்யாணமே இல்லை என்பதற்கு அதே சொல்லைப் போடுகிறாள். பாதிரியார் போன ஞாயிறு எங்கள் ஆன்மாவுக்கே அது வந்துவிட்டது என்றார். முன் வரிசையில் இருந்த நான் அதை என்னைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அலுவலகத்துப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு எலும்பு இருக்கிறது. தொடர்ந்து பதினைந்து நாள், எந்த நாளிலும் 0.2 மில்லிமீட்டர் மழைகூட விழக் கூடாது. அப்போதுதான் அதற்கு முழு வறட்சி என்று பெயர். பதினாலு நாள் என்றால் அது வெறும் நல்ல வெயில். ஜூலை பன்னிரண்டில் மழை நின்றது. இருபத்து மூன்று வரை பன்னிரண்டு நாள். இருபத்து நான்கில் தூறல். பிறகு மாதம் முடிய ஏழு நாள். பன்னிரண்டும் ஏழும் சேர்ந்தால் பத்தொன்பது என்று நீ சொல்வாய். நடுவில் அறுந்தால் சேராது, புத்தகம் அப்படி. அடுத்த அட்டை இந்த மாத முடிவில் போகும், அடுத்த பட்டியல் செப்டம்பரில் வரும். அதில் நம் ஊர்தான் முதலில், நான் உறுதி தருகிறேன்.

அதுவரை சமாளி. உன் தாத்தா காலத்தில் நாலு மாதம் துளி இல்லாமல் இருந்தது. குதிரைகள் பனித்துளியை நக்கிக் குடித்தன. நான் கண்ணால் பார்த்தேன், தொட்டிலில் இருந்து.

உன் பசு டாம்சன் எப்படி இருக்கிறாள்? அவளை அம்மா வயிற்றிலிருந்து ஒரு கையால் இழுத்தவன் நான் என்று அவளுக்கு ஞாபகப்படுத்து.

மாமா


குன்றுப் பண்ணை
12 ஆகஸ்ட்

மாமா,

புத்தகத்தில் இருப்பதைச் சொன்னீர்கள். இங்கே அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. உங்களுக்கே தெரியும், குன்றில் பிறந்தவர்கள் அதை உச்சரிக்க மாட்டார்கள். மாமனார் இன்று காலை தொட்டியருகில் நின்றுகொண்டு, "கொஞ்சம் காய்ஞ்சு கிடக்கு" என்றார். கிணற்றடி வெடித்து என் கை உள்ளே போகிற அளவுக்குப் பிளந்திருக்கிறது. அவருக்கு அது 'கொஞ்சம்'.

எனக்கு அதன் அர்த்தம் என்னவென்று கேட்டால் ஒரு சத்தம் சொல்வேன். மாடு காலித் தொட்டியை நக்குகிற சத்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல இருக்கும். கல்லில் ஈரம் இல்லை என்று தெரிந்தும் நக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று விலகினால் அடுத்தது வந்து அதே இடத்தில் நாக்கைப் போடுகிறது. நான் காதைப் பொத்திக்கொண்டு கேனை ஏற்றுகிறேன்.

பால் வற்றிவிட்டது. காலையில் ஏழு மாட்டை வெட்டுக்கூடத்துக்கு ஏற்றி அனுப்பினேன். கதவு மூடியதும் மாமனார் தொப்பியைக் கழற்றினார், பிறகு எதற்குக் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். டாம்சன் இன்னும் இருக்கிறாள். அடுத்த லாரி 26 ஆம் தேதி. எல்லாப் பண்ணையும் அனுப்புவதால் வெட்டுக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, அதற்குள் ஒரு தேதி கிடைத்ததே பெரிது என்றார்கள். அதில் பத்து போக வேண்டும். தண்ணீர் லாரி வந்தால் ஒன்றும் போக வேண்டாம்.

செப்டம்பர் வரை என்கிறீர்கள். செப்டம்பரில் உங்கள் பட்டியலில் நான் இருப்பேன். மாடு இருக்காது.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

ஹேசல்


ஆஷ்கோம்
14 ஆகஸ்ட்

அன்புள்ள ஹேசல்,

உன் கடிதத்தைப் பிரௌஸ் அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. இந்த வெயிலில் தூசிக்கு என்ன பஞ்சம்.

ஒன்றும் கவலைப்படாதே. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, உண்மையில் மூன்று. பழைய ரோலரின் தண்ணீர்த் தொட்டியில் நூறு கேலன் பிடிக்கும். அதைக் கிளப்பிக் கொண்டு குன்றேறலாம் என்று கொட்டகைக்குப் போனேன். கொட்டகைக்காரன், "பெர்சி, அந்த வண்டியை நாலு வருஷம் முன்னாடியே உடைச்சு இரும்பா வித்துட்டாங்க, நீதானே பிரியாவிடை உரை ஆத்துன" என்றான். அரை மணி நேரம் பேசிய உரை அது, மறந்தே போனேன். மற்ற இரண்டு யோசனைகள் இன்னும் பழுக்கவில்லை.

இதற்கிடையில் ஆர்தர் கையில் ஒரு பெட்டி அவரைக்காய் அனுப்புகிறேன். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய அதே கொடி. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாவற்றையும் சுமந்து ஊற்றிக் காப்பாற்றியது. ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம். கிழவருக்கு வெண்ணெயில் வதக்கிக் கொடு. பதமாகச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். சுற்றிய தாளை எறிந்துவிடாதே, பிரித்துப் பார். உன் மாமாவின் முகம் முதல் தடவையாக அச்சில் வந்திருக்கிறது. ஆறு பிரதி வாங்கினேன்.

பாசத்துடன்,
மாமா


குன்றுப் பண்ணை
16 ஆகஸ்ட்

மாமா,

தாளைப் பிரித்துப் பார்த்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. நல்ல கோட்டு. கையில் அவரைக்காய், தோளுக்கு மேலே பரிசு அட்டை. படத்துக்குக் கீழே அச்சடித்திருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "கில்மவுத் தோட்டக்கலைக் கண்காட்சி. வெள்ளி, சனி. சனிக்கிழமை, ஜூலை 24, காலை ஒன்பது மணிக்கு நடுவர்களிடமிருந்து பரிசு பெறுகிறார் ஆஷ்கோம் திரு. லஸ்கோம்."

கில்மவுத் நாற்பது மைல்.

வெள்ளிக்கிழமை ரயிலில் போனீர்கள், சனி மாலை திரும்பினீர்கள். விடியலில் பட்டு உதறினாற்போலப் பெய்ததை எங்கிருந்து பார்த்தீர்கள்? அவரை இலை தலையாட்டியது என்றீர்கள். அந்த அவரையே அப்போது உங்கள் கையில் இருந்தது.

கடையில் நான் சத்தம் போட்டபோது ஊரே உங்கள் பக்கம் நின்றது. "பெர்சி கொஞ்சம் கூட்டிப் பேசுவார், ஆனா எண்ணுல பொய் சொல்ல மாட்டார்" என்றாள் பிரௌஸ் அம்மா. நானும் வீட்டுக்கு வந்து அதையே யோசித்தேன். நான்தான் தப்பாகப் பேசிவிட்டேனோ என்று.

அவரைக்காயைச் சமைக்கவில்லை. நறுக்கி மாட்டுக்குப் போட்டேன். ஈரத்துக்காக அடித்துக்கொண்டன.

இனி எழுத வேண்டாம்.

ஹேசல்


ஆஷ்கோம்
19 ஆகஸ்ட்

ஹேசல்,

மூன்று நாள் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். ஒவ்வொன்றும் நன்றாக வந்தது, அதுதான் சிக்கல். ஒரு வரைவில் கில்மவுத்திலிருந்து அந்த மேகத்தைப் பார்த்ததாகவே எழுதிவிட்டேன். படித்தால் எனக்கே நம்பத் தோன்றியது. அதையும் கிழித்தேன்.

பெய்யவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பதினொரு வருஷத்தில் முதல் காலிக் கட்டம். நாள் தவறாமல் அளந்தவர்களுக்கு அடுத்த மாதம் சான்றிதழ் தருவதாக எழுதியிருந்தார்கள். மழைமானியைத் திறந்தேன், உள்ளே எலும்பாகக் காய்ந்திருந்தது. சுழியம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அதுவே உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் சுழியத்தைப் பார்த்தால் ஆள் வீட்டில் இல்லாதது மாதிரி இருந்தது. ஏதாவது ஓர் எண் இருந்தால்தான் ஒருவன் எழுந்து போய்ப் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். 0.4 போட்டேன். பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். எழுதிவிட்டுப் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, நன்றாக எழுதியிருக்கிறோம் என்று இரண்டாவது தடவை படித்தேன்.

பட்டியல் என்று ஒன்று வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது வேறு.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். இன்று காலைத் தபாலில் வானிலை அலுவலகத்துக்கும் ஜில்லாவுக்கும் போய்விட்டது:

"ஐயா, ஜூலை 24 காலை நான் ஊரில் இல்லை. மழைமானியை யாரும் பார்க்கவில்லை. 0.4 என்பது நான் எழுதியது, பெய்தது அல்ல. ஆஷ்கோமில் ஜூலை 12 முதல் இன்று வரை ஒரு துளியும் விழவில்லை. மற்ற எண்கள் எல்லாம் சரி. குறிப்புகளை நம்ப வேண்டாம். பெர்சி லஸ்கோம்."

என் வாழ்நாளில் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதில்லை. அதற்கு ஒரு பகல் முழுதும் ஆயிற்று.

மாமா


குன்றுப் பண்ணை
22 ஆகஸ்ட்

மாமா,

எழுத வேண்டாம் என்று சொன்னது நான். எழுதுவதும் நான்தான்.

நேற்று ஜில்லாவிலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் கடிதம் அவர் கையில் இருந்தது. அதோடு இன்னொரு தாளும். ஜூலையில் எல்லாப் பண்ணைக்கும் ஒரு படிவம் அனுப்பினார்களாம். 'உங்கள் பண்ணையில் வறட்சி உண்டா?' என்று ஒரே கேள்வி. அதை மாமனார் வாங்கி, எனக்குச் சொல்லாமல், பதில் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்த எழுத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்: "கொஞ்சம் காய்ஞ்சு கிடக்கு. சமாளிக்கிறோம்."

குன்றில் ஒன்பது பண்ணை. ஒன்பதும் கிட்டத்தட்ட அதையே எழுதியிருக்கின்றன. ஒருவர் "இதைவிட மோசமா பாத்திருக்கோம்" என்று எழுதினாராம். அதிகாரி என்னிடம் கேட்டார், "ஏம்மா, ஒருத்தர்கூடவா உண்மையைச் சொல்லலை?" என்று.

நான் மாமனாரிடம் திரும்பினேன். "அப்பா, ஏன் இப்படி எழுதினீங்க?"

"வேற என்னத்த எழுதறது? எங்கப்பா அந்தச் சொல்லை வாயில எடுத்ததில்ல. எடுத்தா அது உள்ள வந்து நாற்காலி போட்டு உக்காந்துக்கும்."

"உக்காந்துதானே இருக்கு!"

"இருக்கட்டும். கூப்பிட்டது நாமன்னு ஆகக் கூடாது."

நான் உங்கள்மேல் எத்தனை கோபப்பட்டேன், மாமா. நீங்கள் இல்லாததைச் சொன்னீர்கள். நாங்கள் இருந்ததைச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக நானும்தான் பாற்சங்கத்துக்காரரிடம், கால்நடை மருத்துவரிடம், கேட்டவர்களிடமெல்லாம் "பரவாயில்லை, ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது மரியாதை என்று நினைத்தேன்.

உங்கள் திருத்தம் மட்டும் போதாது, பண்ணைக்காரர் எழுத்தும் வேண்டும் என்றார் அதிகாரி. புதுப் படிவம் நீட்டினார். மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார், காதில் விழக் கூடாதென்று. நான் எழுதினேன். வறட்சி. எழுதியதும் இன்னும் பெரிதாக இரண்டாவது தடவை எழுதினேன், கோட்டுக்கு வெளியே போகிற அளவுக்கு. வறட்சி, வறட்சி. கதவு திறந்து ஒன்றும் உள்ளே வரவில்லை. தொட்டியில் நாக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. வெட்டுக்கூட லாரி வியாழக்கிழமை வருகிறது.

ஹேசல்


ஆஷ்கோம்
24 ஆகஸ்ட்

அன்புள்ள ஹேசல்,

முதலில் முக்கியமானது. இன்று வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வண்டியில் வந்தாள். ஜில்லாவில் விசாரித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஆஷ்கோமும் ஒன்பது பண்ணையும் பட்டியலில் ஏறிவிட்டன. முதல் தண்ணீர் லாரி வியாழக்கிழமை. இது நான் கூட்டிச் சொல்வதில்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன நீளத்திலேயே எழுதுகிறேன். வெட்டுக்கூட லாரியை நிறுத்து, கண்ணு. எப்படியாவது நிறுத்து. வேலியில் குறுக்கே படுத்தாவது நிறுத்து.

அவள் வந்த காரணம் வேறு. மழைமானியை எடுத்துப் போக. "மன்னிக்கணும் லஸ்கோம் ஐயா, இதைச் செய்ய எனக்கே கஷ்டமா இருக்கு. உங்க குறிப்புகளை நாங்க மேசைல சத்தமா வாசிப்போம்" என்றாள். நான் உடனே அவளுக்கு ஒரு கதை சொல்ல வாயைத் திறந்தேன். "கண்ணாடிக் குழாய் உள்ள இருக்கும்மா, பாத்து எடுங்க, ஓரத்துல கீறல் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

தோட்டத்தில் இப்போது ஒரு வட்டக் குழி. காலை ஒன்பது மணிக்குக் கால் தானாக அங்கே போகிறது. சாராயக்கடையில், "பெர்சி, இன்னிக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்ட?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்தது.

உன் மாமனாரிடம் சொல்: அவர் ஒரு வார்த்தை குறைத்தார், நான் ஒரு வரி கூட்டினேன். இரண்டும் ஒரே வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கிறது.

வியாழக்கிழமை. நிறுத்து.

மாமா


குன்றுப் பண்ணை
27 ஆகஸ்ட்

மாமா,

உங்கள் கடிதம் புதன்கிழமையே வந்தது. நான் நிறுத்தவில்லை.

வெட்டுக்கூடத்துத் தேதியை விட்டால் அடுத்தது செப்டம்பர் பாதியில்தான் என்றார்கள். புதன் அன்று ஆற்றுப் பள்ளத்தில் எட்டு கேன்தான் நிரம்பியது, அதிலும் பாதி சேறு. இருபத்து நாலு மாடு. ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் உங்கள் கடிதம். அதை மேசையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? "இது நான் கூட்டிச் சொல்வதில்லை" என்கிற வரியை. மாமனார் கேட்டார், "நம்பறியா?" நான் சொன்னேன், "நம்பணும்னு ஆசையா இருக்கு, அப்பா. அதனாலதான் நம்பப் பயமா இருக்கு."

வெட்டுக்கூட லாரி ஏழு மணிக்கு வந்தது. பத்து ஏற்றினேன். டாம்சன் பலகையில் ஏறாமல் நின்றாள், உங்களுக்குத் தெரியும், அவள் எப்போதும் அப்படித்தான். பிறகு நான் முன்னால் ஒரு வாளியைப் பிடித்தேன். அடியில் இரண்டு விரல் தண்ணீர். அதைப் பார்த்து ஏறினாள்.

தண்ணீர் லாரி ஒன்பதே காலுக்கு வந்தது.

ஓட்டுநர் இறங்கி, "எத்தனை மாடும்மா?" என்றார். பதினாலு என்றேன். குழாயைத் தொட்டியில் போட்டார். மாடுகள் முதலில் குடிக்கவில்லை, மாமா. தண்ணீர் விழுகிற சத்தத்துக்குப் பயந்து பின்னால் போயின. பிறகு ஒன்று வந்தது. பிறகு எல்லாம்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. தேதிகூட உண்மை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஹேசல்


ஆஷ்கோம்
30 ஆகஸ்ட்

அன்புள்ள ஹேசல்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்திருந்தேன். அந்த லாரிக்கும் இந்த லாரிக்கும் நடுவே இரண்டே கால் மணி நேரம். அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அதற்குக் கண்ணாடிக் குழாய் தேவைப்படவில்லை.

டாம்சனை நான் ஒரு கையால் இழுத்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. இரண்டு கை. உன் அம்மா என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கன்று வெளியே வந்ததும் மூன்று பேரும் வைக்கோலில் விழுந்தோம். உண்மையில் நடந்தது இதுதான். இதுவே நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் மாற்றிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நேற்று மத்தியானம் பெய்தது. நீ அறிவாய், உன் பக்கமும் பெய்திருக்கும். எல்லோரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். பிரௌஸ் அம்மா கடையைத் திறந்து போட்டுவிட்டு ஏப்ரனோடு நடுத்தெருவில் நின்றாள். நான் தோட்டத்துக்குப் போய் அந்த வட்டக் குழி பக்கத்தில் நின்றேன். ஒரு ஜாம் பாட்டில் எடுத்து வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொப்பி நனைந்தது, கோட்டு நனைந்தது, காலணிக்குள் தண்ணீர் போயிற்று.

ஆர்தர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்: "பெர்சி! எவ்வளவு பெஞ்சிருக்கும்?"

"தெரியாது" என்றேன்.

அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

உன் தொட்டியில் எத்தனை விரல் ஏறியது என்று எழுது. நீ எந்த எண் எழுதினாலும் அதுதான் கணக்கு.

மாமா


குன்றுப் பண்ணை
1 செப்டம்பர்

மாமா,

நாலு விரல்.

மாமனார் கதவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வறட்சி போச்சு" என்றார். வாயில் முதல் தடவை. போகும்போதுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாருங்கள். நடந்தே வாருங்கள், இனித் தபால்தலை வேண்டாம். அவரைக்காய் கொண்டு வராதீர்கள்.

ஹேசல்